வங்காலா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

மேகாலயாவின் துரா நகரில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். ஊர் திரும்பிய பிறகும் நவம்பர் வந்துவிட்டால் யாராவது ஒரு முரசு வீடியோவை அனுப்பி, "இது நீங்க இருந்த ஊர்தானே?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

வங்காலான்னா என்ன? வங்காளத்துக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

ஒரு சம்பந்தமும் இல்லை. தமிழில் எழுதும்போது ஒலி அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். சிலர் 'வாங்காலா' என்றும் எழுதுகிறார்கள். கேரோ பழங்குடி மக்கள் அறுவடை முடிந்த பிறகு கொண்டாடும் பெருவிழாவின் பெயர் அது. நெல்லைக் கொடுத்த தெய்வத்துக்கு நன்றி சொல்லி, விருந்து வைத்து, வழியனுப்பும் விழா. வழியனுப்புவது என்பதைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பதில்கள் பலவும் அதை ஒட்டித்தான் இருக்கும்.

கேரோக்கள்னா யாரு? காசி மக்களும் இவங்களும் ஒண்ணுதானே?

இல்லை. (இந்தக் காசி வாரணாசி இல்லை, மேகாலயாவின் இன்னொரு பழங்குடி.) ஒரே மாநிலத்தில் இருப்பதால் வரும் குழப்பம் இது. மேகாலயாவின் மேற்குப் பகுதி கேரோ மலை. அதன் பெரிய நகரம் துரா. ஷில்லாங் இருப்பது காசி மலையில். மொழியும் வேறு: கேரோ மொழி திபெத்திய-பர்மிய மொழிகளில் அசாமின் போடோ மொழிக்கு நெருங்கிய உறவு. காசி மொழி ஆஸ்ட்ரோ-ஆசியக் குடும்பம், கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்துச் சொந்தம். அதனால் நோங்கிரெம் நடனத்தையும் வங்காலாவையும் ஒரே தலைப்பில் போடும் பயணக் கட்டுரைகளை நம்ப வேண்டாம். நோங்கிரெம் காசி மக்களுடையது.

'கேரோ' என்பது மற்றவர்கள் வைத்த பெயர். அவர்கள் தங்களை 'ஆச்சிக்' என்றும் 'ஆச்சிக் மாந்தே' என்றும் சொல்லிக்கொள்வார்கள். ஆச்சிக் என்றால் மலை, மாந்தே என்றால் மனிதன். அசாமிலும் வங்கதேசத்திலும் இருக்கிறார்கள். வங்கதேசத்தில் 'மாந்தி' என்ற பெயரே அதிகம் புழங்குகிறது.

எந்தத் தேதியில வரும்? நெட்ல ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கே?

எல்லாமே சரியாக இருக்க வாய்ப்புண்டு. கிராமத்து வங்காலாவுக்கு நாள்காட்டித் தேதி கிடையாது. அந்த ஊரின் அறுவடை முடிய வேண்டும், களஞ்சியத்தில் நெல் ஏற வேண்டும், பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். அக்டோபர், நவம்பரில்தான் அதிகம்.

செய்திகளில் வரும் நவம்பர் இரண்டாம் வாரம் என்பது நூறு முரசு விழாவின் காலம். அது வேறு கதை, கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன். மேகாலயா அரசும் வங்காலாவுக்கு நவம்பரில் ஒரு நாள் பொது விடுமுறை விடுகிறது.

அறுவடை முடிஞ்சா ஒரு விழா. அவ்வளவுதானே?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. வங்காலா தனியாக நிற்கும் விழா இல்லை, ஒரு வருடத்து வேலையின் கடைசிப் படி. கேரோ மலையின் பழைய விவசாயம் ஜூம். மலைச்சரிவில் ஒரு பகுதிக் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அந்தச் சாம்பல் மண்ணில் விதைப்பார்கள். ஓரிரு வருடம் பயிர் செய்துவிட்டு அந்த இடத்தைக் காடாகும்படி விட்டுவிட்டு அடுத்த சரிவுக்குப் போவார்கள். ஒரே நிலத்தில் நெல், தினை, சோளம், மிளகாய், இஞ்சி, பருத்தி, கிழங்கு, பூசணி என்று எல்லாம் கலந்து கிடக்கும். வரப்பு கட்டிய வயலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் அது விளைநிலமாகவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. "ஏன் இப்படிப் புதர் மண்டிக் கிடக்கிறது?" என்று கேட்டு ஒரு கிழவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு சடங்கு இருக்கிறது. குளிர்காலத்தில் காட்டை வெட்டி முடித்ததும் தென்பில்சியா. எரித்து விதைக்கும் நேரத்தில் ஆகல்மாகா. முதல் கதிர் விளைந்ததும் அதை அவலாக இடித்துத் தெய்வத்துக்குப் படைக்கும் ரோங்சுகாலா. அதற்கு முன் புது நெல்லை வாயில் வைக்கக் கூடாது. அறுவடை முடியும்போது ஜாமேகாபா. இவ்வளவும் கடந்துதான் வங்காலா. எரிக்கும்போது காற்று திரும்பாமல் இருந்து, விதைத்த பிறகு மழை வந்து, யானையும் காட்டுப்பன்றியும் தின்றது போக மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் நிம்மதி அந்த ஆட்டத்தில் இருக்கிறது.

எந்தச் சாமிக்கு? கோயில், சிலை எல்லாம் உண்டா?

தெய்வத்தின் பெயர் மிசி சால்ஜோங். சூரியனோடும் விளைச்சலோடும் சேர்த்துச் சொல்லப்படும் தெய்வம். 'சால்' என்றாலே கேரோ மொழியில் சூரியன், பகல். மனிதர்களுக்கு நெல் விதையைக் கொடுத்தவர் அவர்தான் என்பதும், விளைந்ததும் தன்னை நினைத்துத் தூபம் போடச் சொன்னார் என்பதும் மரபு. உலகத்தைப் படைத்தவர் ததாரா ரபுகா என்ற வேறொருவர். வங்காலாவின் நாயகர் சால்ஜோங்தான்.

கோயிலும் இல்லை, சிலையும் இல்லை. இந்தப் பழைய சமயத்துக்கும் அதைப் பின்பற்றுபவர்களுக்கும் சோங்சாரெக் என்று பெயர். சடங்குகள் வீட்டிலும் விளைநிலத்திலும் நடக்கும். மந்திரம் சொல்லும் பூசாரி 'கமால்'. அவரும் மற்ற நாட்களில் மண்ணைக் கொத்தும் விவசாயிதான்.

விழாவில என்னதான் நடக்கும்? முதல்ல இருந்து சொல்லுங்க.

சூ இல்லாமல் வங்காலா இல்லை என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சூ என்பது அரிசிக் கள். 'வாந்தி' என்ற ஈஸ்ட் வில்லையைச் (பெயரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், அங்கே அதுதான் பெயர்) சோற்றில் கலந்து, பானையில் போட்டுப் புளிக்கவிடுவார்கள். விழாவுக்குப் பல நாள் முன்பே வீட்டுக்கு வீடு பானை ஏறிவிடும்.

முதல் சடங்கு ருகாலா. ஊரின் நிலத்தை நிர்வகிக்கும் நோக்மாவின் வீட்டுக்குள் நடக்கும். புது அரிசி, பூசணி, கிழங்கு, காய்கள், கூடவே மண்வெட்டி, கத்தி போன்ற கருவிகள் எல்லாவற்றையும் வாழையிலை விரித்து வைப்பார்கள். கமால் மந்திரம் சொல்ல, சுரைக்குடுவையிலிருந்து சூவைத் தரையில் ஊற்றிப் படைப்பார்கள். ருகாலா என்ற சொல்லுக்கே ஊற்றுவது என்றுதான் பொருள். அடுத்தது சாசாத் சோஆ, அதாவது தூபம் போடுவது. மரப்பிசினைத் தணலில் போட்டதும் ஜன்னல் இல்லாத அந்த நீள மூங்கில் வீடு முழுக்கப் புகை அடைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் முகம் தெரியாது. முரசு மட்டும் கேட்கும். நான் பார்த்த வங்காலாக்களில் இன்றும் நினைவில் அப்படியே நிற்பது இந்தப் புகைதான், மைதானத்து ஆட்டம் இல்லை.

பிறகு ஆட்டம் வீடு வீடாக நகரும். ஒவ்வொரு வீட்டிலும் சூ, சாப்பாடு, பாட்டு. கடைசியாக வெளியில் வரிசை கட்டி ஆடும் தாமா கோகாதா. ஆண்கள் முரசைக் கழுத்தில் மாட்டி அடித்துக்கொண்டே வருவார்கள், பெண்கள் சிற்றடி வைத்துக் கைகளை அசைத்து இணையாக ஆடுவார்கள். முன்னால் ஒருவர் வாளும் கேடயமும் ஏந்தி நடத்திச் செல்வார். எல்லாம் முடிந்ததும் சால்ஜோங்குக்கு விடைகொடுத்து, அடுத்த வருடமும் வரச் சொல்லி அனுப்புவார்கள். இந்த வரிசையும் நாள் கணக்கும் ஊருக்கு ஊர் மாறும். நீங்கள் வேறு மாதிரிப் பார்த்திருந்தால் அதுவும் சரிதான்.

தூண்லயும் சுவர்லயும் வெள்ளையா கை அடையாளம் வெச்சிருக்காங்களே, ரத்தமா சுண்ணாம்பா?

இரண்டும் இல்லை, அரிசி மாவு. மாவைத் தண்ணீரில் கரைத்து, உள்ளங்கையை முக்கி, வீட்டுத் தூண்களிலும் சுவரிலும் பதிப்பார்கள். இதற்கு வாந்தி தோகா என்று பெயர். விருந்தாளியின் முதுகிலும் ஒன்று விழும், உஷாராக இருங்கள். இது புதிதாகச் சேர்ந்த வேடிக்கை இல்லை. 1909இல் அச்சான ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் குறிப்புகளிலேயே வீட்டுத் தூணில் பதிக்கும் கையும் விருந்தாளி முதுகில் பதிக்கும் கையும் இருக்கின்றன.

நோக்மான்னா ஊர்த் தலைவர்தானே? தாய்வழிச் சமூகம்னு சொல்றாங்க, ஆனா தலைவர் ஆம்பளையா இருக்காரே?

நல்ல கேள்வி. வீட்டில் பெண் அதிகாரம் செலுத்துவார், வெளியே ஆண் சும்மா இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனால் குழம்பிவிடுவோம். கேரோக்களிடம் குலப்பெயரும் சொத்தும் தாய் வழியில் போகும். சங்மா, மராக், மோமின் போன்றவை குலப்பிரிவுகள். பிள்ளைகளுக்குத் தாயின் பிரிவுதான், ஒரே பிரிவுக்குள் கல்யாணம் கூடாது. மகள்களில் ஒருத்தியைப் பெற்றோர் வாரிசாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் 'நோக்னா'. கடைசி மகளாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அது காசி வழக்கம், இங்கேயும் கலந்துவிட்டுச் சொல்கிறார்கள். அவளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வரும் மருமகன் 'நோக்ரோம்'.

குலத்துக்குச் சொந்தமான நிலம் ஆக்கிங். அதன் வாரிசுப் பெண்ணின் கணவர்தான் நோக்மா. நிலம் மனைவி வழி, நிர்வாகம் கணவர் கையில். யார் எந்தச் சரிவில் ஜூம் போடலாம் என்று பிரித்துக் கொடுப்பது அவர்தான். அதனால்தான் ருகாலாவும் தூபமும் அவர் வீட்டில் நடக்கின்றன. அந்த வீடு யாருடையது என்று கேட்டால் எல்லோரும் அம்மாவைத்தான் காட்டுவார்கள்.

அந்த நீள முரசுக்கு என்ன பேரு? எல்லாரும் வெச்சுக்கலாமா?

தாமா. நாலைந்து அடி நீளம், நடுவில் பருத்து இரண்டு முனையும் ஒடுங்கிய மர முரசு. இருபுறமும் தோல். தாமாவை யாரும் வைத்துக்கொள்ளலாம்.

'கிராம்' என்ற முரசு அப்படி இல்லை. அது தாமாவைவிடப் பெரியது, சடங்குக்கு உரியது. நோக்மா வீட்டில் இருக்கும். உரிய காரணம் இல்லாமல் வெளியே எடுத்தால் வீட்டுக்காரருக்கு உயிராபத்து என்ற நம்பிக்கை இருக்கிறது. படம் எடுக்கத் தூக்கி வரச் சொல்லாதீர்கள். மண்பானை மேல் தோல் கட்டிய நாகராவும் நோக்மா வீட்டுப் பொருள். இவற்றோடு எருமைக் கொம்பில் செய்த ஊதுகொம்பும் (அதன் பெயர் 'அதில்') பித்தளைச் சேகண்டியும் (அதன் பெயர் 'ராங்') உண்டு. ராங் வாத்தியம் மட்டுமில்லை, சொத்து. எத்தனை ராங் இருக்கிறது என்பதை வைத்து ஒரு குடும்பத்தை எடைபோட்ட காலம் உண்டு.

ஒரு வீடியோல ஒருத்தர் இடுப்புல பழத்தைக் கட்டிச் சுத்துறார். அதுவும் வங்காலாவா?

அது சம்பில் மேசா. சம்பில் என்றால் பம்ப்ளிமாஸ். கயிற்றில் பழத்தைக் கட்டி இடுப்பில் தொங்கவிட்டு, கை படாமல், இடுப்பசைவால் மட்டும் வட்டமடிக்க வைக்க வேண்டும். பார்க்க எளிது. முயன்று பார்த்தேன், பழம் முழங்காலில் அடித்தது. வங்காலா சமயத்தில் ஆடும் வேடிக்கை ஆட்டங்களில் இது ஒன்று. கேள்வி பதிலாகப் பாடும் பாட்டுகளும் உண்டு. இளைஞர்களும் பெண்களும் ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுப்பது அதில்தான்.

பம்ப்ளிமாஸ் அங்கே ஏன் என்று யோசித்தால், துராவுக்குப் பக்கத்து நோக்ரெக் மலையே எலுமிச்சைக் குடும்பத்தின் தாய்வீடுகளில் ஒன்று. அங்கே விளையும் காட்டு ஆரஞ்சுக்கு 'மெமாங் நாரங்' என்று பெயர், பேய் ஆரஞ்சு என்று பொருள்.

நூறு முரசு விழாவும் வங்காலாவும் ஒண்ணுதானே?

இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது. மேலே சொன்ன வீட்டுச் சடங்குகள் ஊருக்கு ஊர் நின்றுகொண்டே வந்ததைப் பார்த்துச் சிலர் சேர்ந்து 1976இல் ஆரம்பித்தது நூறு முரசு வங்காலா. துராவிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் ஆசனாங் பக்கம் நடக்கிறது. குழுவுக்கு 30 பேராகப் பத்துக் குழு, மொத்தம் 300 பேர், நூறு முரசு. கணக்கு அதுதான். போட்டியும் பரிசும் உண்டு. முதலமைச்சர், அமைச்சர்கள் வருவார்கள்.

செய்தித்தாளில் வரும் படங்கள் இங்கே எடுத்தவை. சேவல் இறகு செருகிய தலைப்பாகை, பெண்களின் தக்மாந்தா உடை எல்லாம் ஒரே மாதிரி அடுக்காக இருக்கும். கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்ப்பது ஒரு முழு விழாவின் கடைசி நாள் ஆட்டத்தை மட்டும். இதைச் சொன்னால் "அப்போ அது போலியா?" என்று கேட்பார்கள். போலி இல்லை. இது இல்லாவிட்டால் இன்று பல ஊர்களில் தாமா அடிக்கப் பழகிய பையன்களே இருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான கேரோக்கள் கிறிஸ்தவங்களாச்சே, அப்புறம் எப்படிச் சால்ஜோங்குக்குப் பூஜை?

பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்தான். ஓமெட், ராம்கே என்ற இரண்டு கேரோக்கள் 1863இல் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1867இல் ராஜசிம்லாவில் முதல் கேரோ திருச்சபை அமைந்தது. அமெரிக்க பாப்டிஸ்டுகளின் வேலை துராவை மையமாகக் கொண்டு வளர்ந்தது. பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரோமன் எழுத்தில் கேரோ எழுத்து வழக்கு எல்லாம் அந்த வழியில் வந்தவை. சூவும் முரசும் பழைய சமயத்தின் அடையாளம் என்று ஒதுக்கப்பட்டதும் அதே வழியில்தான். சோங்சாரெக் குடும்பங்கள் இன்று மிகவும் குறைவு.

ஆகவே நடைமுறையில் மூன்று விதம். சோங்சாரெக் ஊரில் மேலே சொன்ன சடங்கு முழுதாக நடக்கும். மைதான விழாவில் ஆடுபவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு அது பண்பாடு, வழிபாடு இல்லை. மூன்றாவது, கத்தோலிக்கர்கள் வங்காலாவையே நன்றித் திருப்பலியாக மாற்றிக்கொண்டது. இதில் எது சரி என்று அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் உண்டு. ஒரே வீட்டில் பாட்டி ஒரு பக்கமும் பேத்தி ஒரு பக்கமும் பேசக் கேட்டிருக்கிறேன். அதில் வெளியூர்க்காரர் தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது நல்லது.

வங்கதேசத்திலயும் கொண்டாடுறாங்களா?

ஆமாம். மைமன்சிங், நேத்ரகோனா, ஷேர்பூர், டாங்காயில் பகுதிகளில் மாந்திகள் இருக்கிறார்கள். பலர் கத்தோலிக்கர்கள் என்பதால், நவம்பர் கடைசியில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவை ஒட்டிப் பல பங்குத் தேவாலயங்களில் வங்காலா நடக்கிறது. புது விளைச்சலைப் பீடத்துக்குக் கொண்டுவந்து ஆசீர்வதிப்பார்கள். வேலை தேடி டாக்கா போனவர்கள் அங்கேயும் நடத்துகிறார்கள்.

காட்டை எரிக்கிறது தப்பில்லையா? ஜூம் நின்னுபோனா வங்காலாவும் நின்னுடுமா?

நிலத்துக்குப் பத்து வருடம் ஓய்வு கொடுத்த காலத்தில் காடு மீண்டும் வளர்ந்தது. மக்கள்தொகை கூடி, நிலம் குறைந்து, ஓய்வு நாலைந்து வருடமாகச் சுருங்கியதும் மண் தளர ஆரம்பித்தது. இடைவெளி பற்றிப் பேசாமல் எரிப்பதை மட்டும் திட்டுவது அரைகுறைப் பேச்சு. இன்று சரிவுகளில் முந்திரி, ரப்பர், பாக்குத் தோட்டங்கள் பெருகிவிட்டன. பத்திரம் எழுதாத குல நிலம் தோட்டமானதும் தனியார் நிலம்போல் ஆகிவிடுகிறது. நோக்மா பிரித்துக் கொடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

வங்காலா நிற்காது. வங்கதேசத்துச் சமவெளியில் ஜூம் போய்ப் பல தலைமுறை ஆன பிறகும் ஆடுகிறார்களே. ஆனால் முன்னால் சொன்ன அந்த வரிசையில், தென்பில்சியாவும் ஆகல்மாகாவும் ஜூம் இல்லாமல் இருக்க முடியாது. வெட்ட, எரிக்கக் காடு வேண்டும். அவை சத்தமில்லாமல் போகின்றன, அவற்றுக்கு மைதானமும் பரிசும் கிடையாது.

நேர்ல போய்ப் பார்க்கணும். எப்படிப் போறது? சூ குடுத்தா குடிச்சே ஆகணுமா?

கௌஹாத்தி வரை விமானமோ ரயிலோ. அங்கிருந்து துரா சுமார் 220 கிலோமீட்டர், சுமோவும் பேருந்தும் உண்டு. ஷில்லாங் வழியாகப் போகலாம் என்று வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சுற்று. நூறு முரசு விழா நாட்களில் துராவில் அறை கிடைப்பது கஷ்டம், முன்பே பிடித்துவிடுங்கள். கிராமத்து வங்காலா பார்க்க வேண்டுமென்றால் உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிப் போக வேண்டும். வீட்டுக்குள் தூபம் போடும்போது கேமராவை எடுக்குமுன் கேளுங்கள்.

குடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குடுவையை இரண்டு கையாலும் வாங்கி, உதட்டில் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் யாரும் தவறாக நினைப்பதில்லை. சபை நடத்தும் விழாவில் சூவே இருக்காது, தேநீர்தான். சாப்பாட்டில் பன்றி, கோழி, நாகாம் என்ற கருவாடு, சாம்பலில் வடித்த கார நீர் சேர்த்துச் சமைக்கும் காப்பா, மினில் என்ற ஒட்டும் அரிசிச் சோறு. சைவக்காரர்கள் மினிலையும் காட்டுக் கீரையையும் நம்பலாம், ஆனால் கீரையில் கருவாடு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளம்பும்போது 'மிதேலா' என்று சொல்லுங்கள், நன்றி என்று அர்த்தம். முதுகில் மாவுக் கை பதிந்திருந்தால் சட்டையை அங்கேயே தட்டிவிட்டு வராதீர்கள்.